மொத்த மதிப்பெண்ணும் வன்தட்டு வரிசையும்

மதிப்பெண் பட்டியல், வினாத்தாள், மாற்றுச் சான்றிதழ் விவரம் எனப் பலவும் இன்று பள்ளிக் கணினியில்தான் இருக்கின்றன. அத்தனையும் ஒரே வன்தட்டில் இருந்து, அது பழுதானால்? பல வன்தட்டுகளை இணைத்து ஒன்றுபோல் இயங்கச் செய்வது இதற்கு ஒரு வழி. இதை ரெய்டு என்பார்கள் (வருமான வரித்துறைக்கும் இதற்கும் தொடர்பில்லை!). கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988-இல் எழுதிய கட்டுரையால் இப்பெயர் பரவியது. லினக்ஸில் இதற்கெனத் தனி அட்டை வாங்க வேண்டியதில்லை, மென்பொருளே செய்துவிடும்.

ஆனால் பாதுகாப்பு, வேகம், கொள்ளளவு மூன்றும் ஒருசேரக் கிடைப்பதில்லை. நம்மிடம் 1 டெராபைட் தட்டுகள் 4 இருப்பதாகக் கொள்வோம். ரெய்டு 0 முறையில் தரவு நான்கிலும் பிரித்து எழுதப்படும். 4 டெராபைட்டும் கிடைக்கும், வேகமும் அதிகம்; ஆனால் ஒரு தட்டு போனால் எல்லாம் போய்விடும். ரெய்டு 10 முறையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் உண்டு. கிடைப்பது 2 டெராபைட். ரெய்டு 5 முறையிலோ 3 டெராபைட் கிடைக்கும், ஒரு தட்டு போனாலும் தரவு பிழைக்கும். முழு நகல் இல்லாமல் இது எப்படி முடிகிறது?

நம் மதிப்பெண் பதிவேட்டையே பாருங்கள். தமிழ் 72, ஆங்கிலம் 65, கணக்கு 80, மொத்தம் 217. கணக்கு மதிப்பெண்மீது மை கொட்டிவிட்டால் 217-இலிருந்து மற்ற இரண்டையும் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு பாடங்கள் அழிந்தால் முடியாது. ரெய்டு 5 இந்த "மொத்தத்தை" எல்லாத் தட்டுகளிலும் மாறி மாறி வைக்கிறது. கூட்டலுக்குப் பதில் எக்ஸ்ஆர் செயல். தருக்க வாயில்கள் படித்த மேல்நிலை மாணவர்கள் 1011, 0110, 1100 ஆகியவற்றுக்குப் போட்டுப் பார்க்கட்டும்; விடை 0001. மூன்றில் ஒன்றை மறைத்துவிட்டு, மீதியையும் விடையையும் வைத்து மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது மறுகூட்டலில் ஆங்கிலம் 70 ஆகிறது. பழைய மதிப்பெண்ணைப் பார்க்க வேண்டும், பழைய மொத்தத்தைப் பார்க்க வேண்டும், புதிய மதிப்பெண்ணை எழுத வேண்டும், புதிய மொத்தத்தையும் எழுத வேண்டும். ஒரு திருத்தத்துக்கு 4 வேலை! நகல் முறையில் 2 முறை எழுதினால் போதும். சிறு சிறு திருத்தங்களில் ரெய்டு 5 தளர்வது இதனால்தான். மென்பொருள் கணக்குப் போடுவதால்தான் தாமதம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய செயலிகளுக்கு எக்ஸ்ஆர் ஒரு பொருட்டே அல்ல. தட்டுக்காகக் காத்திருப்பதில்தான் நேரம் போகிறது. பெரிய காணொளியை எழுதும்போது ஒரு வரிசை முழுவதும் புதிதாக எழுதப்படுவதால் பழையதைப் பார்க்கத் தேவையில்லை. இந்தத் தொல்லையும் குறைவு.

மதிப்பெண்ணைத் திருத்திவிட்டு மொத்தத்தைத் திருத்தும் முன் மின்சாரம் போனால்? பதிவேடு பார்க்கச் சரியாகவே இருக்கும். பின்னர் ஒரு தட்டு பழுதாகிக் கழித்துப் பார்க்கும்போது தவறான விடை வரும். அதனால் லினக்ஸ் மறுபடி இயங்கத் தொடங்கியதும் மொத்தங்களையெல்லாம் சரிபார்க்கும். பெரிய தட்டுகளில் பல மணி நேரம் ஆகும். எந்தப் பகுதியில் எழுதுகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியைச் சேர்த்தால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். ஆனால் குறிப்பதும் ஒரு வேலைதானே, எழுதும் வேகம் சற்றுக் குறையும்.

பழுதான தட்டை மாற்றும்போதும் கவனம் தேவை. புதியதை நிரப்ப, மீதித் தட்டுகள் முழுவதையும் படித்தாக வேண்டும். அதற்குள் இன்னொன்றும் பழுதானால் ரெய்டு 5 காப்பாற்றாது. இரு தட்டுகள் போனாலும் தாங்கும் ரெய்டு 6-இல் சிறு திருத்தத்துக்கு வேலை 6 ஆகிறது.

தவறுதலாக அழித்த கோப்பை எந்த ரெய்டும் மீட்காது. அழிப்பும் எல்லாத் தட்டுகளிலும் உடனே நடந்துவிடும். என்னைக் கேட்டால், பள்ளி அலுவலகக் கணினிக்கு 2 தட்டுகளில் ஒரே தரவை வைக்கும் ரெய்டு 1 போதும். கூடவே வாரம் ஒருமுறை வெளித்தட்டில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி பீரோவில் பூட்டி வைக்கலாம்.