இறம்பொடைத் தேயிலையும் ஏமாறும் நாக்கும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் கீழ்நாட்டு வெக்கைக்குத் தப்பி நுவரெலியாவுக்கு ஏறும் வாகனங்களால் இறம்பொடை வீதி நிறைந்துவிடுகிறது. அடுப்பும் பாத்திரமுமாக வந்து, நீர்வீழ்ச்சிக்கு அருகில் வீதியோரமாகவே சமைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகும் கூட்டங்களும் அதில் உண்டு. மேலைநாடுகளில் இத்தகைய கோடைக்கால விருந்துகளில் நண்பர்கள் நாலைந்து வைன் போத்தல்களைத் திறந்து, எது எந்த ஊர்த் திராட்சை என்று ருசி பார்ப்பார்கள். இறம்பொடையில் அடுப்பு மூட்டுபவர்களுக்கு அதே பரீட்சைக்கு வேண்டியது கையெட்டும் தூரத்திலேயே விளைகிறது. இலங்கைத் தேயிலையை 600 மீற்றருக்குக் கீழே விளைவது, 600 முதல் 1,200 வரை விளைவது, அதற்கு மேலே விளைவது என மூன்றாகப் பிரிப்பது வழக்கம். இறம்பொடை நீர்வீழ்ச்சி இருப்பது ஏறத்தாழ 945 மீற்றர் உயரத்தில். அங்கிருந்து லபுக்கலையை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் வீதி, 1,200 மீற்றர் எல்லையை வழியிலேயே தாண்டிவிடுகிறது. கீழே விளைவதற்கும் மேலே விளைவதற்கும் உள்ள ருசி வேறுபாடு வியாபாரிகள் கட்டிய கதையல்ல. எந்தச் சாதாரண நாக்கும் பழகினால் பிடித்துவிடக்கூடியது. ஆனால் பெயரையும் விலையையும் மறைத்துவிட்டுக் குடித்தால்தான் அதை நம்பலாம்.

வைனுக்கு நூற்றுக்கணக்கான திராட்சை இனங்கள் உண்டு, தேயிலையோ ஒரே செடிதானே என்று கேட்கலாம். கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே இனம் என்பது சரிதான். ஆயினும் கொழுந்து எங்கே, எந்தக் காற்றில் துளிர்த்தது என்பதும், ஸ்டோரில் அதை எவ்வளவு நேரம் புளிக்கவிட்டார்கள் என்பதும் கோப்பைக்குள் தெரியும். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும்போது கொழுந்தில் மெதைல் சலிசிலேட் என்னும் வாசனைப் பொருள் கூடுகிறது. நோவுத் தைலங்களில் நம் மூக்கில் ஏறுவதும் அதே பொருள்தான். ஊவாத் தேயிலையின் குளிர்ந்த, காரமான வாசனைக்குக் காரணம் அது. டிம்புள்ளப் பக்கத்து நல்ல பருவமோ ஜனவரி முதல் மார்ச் வரை. ஸ்டோரில் கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதிலுள்ள கற்றெக்கின்கள் நொதியத்தோடும் காற்றோடும் சேர்ந்து தியாபிளேவின்களாகவும் தியாரூபிஜின்களாகவும் மாறுகின்றன. முன்னது தேத்தண்ணிக்குப் பளிச்சென்ற பொன்னிறத்தையும் நாக்கைச் சுண்டும் துடிப்பையும் தரும். பின்னது கடும் சிவப்பையும் கனத்தையும் தரும். புளிப்பு நேரம் நீண்டாலோ சூடு கூடினாலோ முன்னது குறைந்து பின்னது ஏறும். டீ மேக்கர் சிறிது அசந்தாலும் ஒரு நாள் கொழுந்தின் குணமே மாறிவிடுவது இதனால்தான். பீ.ஓ.பீ., டஸ்ட் போன்ற பெயர்களைப் பலர் தரவரிசை என்று எண்ணுகிறார்கள். அவை முதலில் துகளின் பருமனைத்தான் சொல்கின்றன.

இந்த வேறுபாடுகளை ருசி பார்ப்பவர் எப்படிப் பிடிக்கிறார்? சர்வதேச நியமப்படி 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலை. கொதிநீர் ஊற்றி மூடி 6 நிமிடம். பிறகு சாயத்தை வெள்ளைக் கோப்பையில் வடித்துவிட்டு, ஊறிய இலையை மூடியின்மேல் கவிழ்த்து நிறத்தைப் பார்ப்பார்கள். நல்ல இலை புதுச் செம்புக் காசின் நிறத்தில் இருக்கும். அடுத்து ஒரு கரண்டி சாயத்தைச் சத்தமாக உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிடுவார்கள். அந்த உறிஞ்சல் வீண் ஆர்ப்பாட்டம் அல்ல. நாக்கு அறியக்கூடியது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி ஆகிய ஐந்தே. மற்றதெல்லாம் வாயிலிருந்து தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. உறிஞ்சும்போது சாயம் சிதறி அந்த வாசனையை மேலே அனுப்புகிறது. துவர்ப்போ ருசியே அல்ல, தொடுகை: பொலிபீனோல்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்வதால் வாய் வழுவழுப்பை இழந்து வறள்கிறது. தடிமன் பிடித்த நாளில் எல்லாத் தேத்தண்ணியும் ஒரே மாதிரி இருப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

இவ்வளவு நுட்பமான கருவி ஏமாறவும் செய்கிறது. பிரான்சின் போர்டோவில் வைன் கலை பயிலும் 54 மாணவர்களுக்கு, ருசியற்ற சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை வைனைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு வைனுக்கே உரிய சொற்களால் அதை வர்ணித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வு இது. 2008இல் வெளியான ஒரு கலிபோர்னிய ஆய்வில் ஒரே வைனுக்கு இரண்டு விலை சொல்லிக் குடிக்கக் கொடுத்தபோது, விலை கூடியது என்று நம்பியதே அதிகம் ருசித்தது. மூளையில் இன்பத்தை மதிப்பிடும் பகுதியும் அதற்கேற்ப அதிகமாக இயங்கியது. வாய் பொய் சொல்லவில்லை. அவர்கள் உண்மையாகவே அப்படி உணர்ந்தார்கள். அதே ஆண்டு ரொபர்ட் ஹொட்சன் வெளியிட்ட ஆய்வு இன்னும் கடுமையானது. கலிபோர்னிய வைன் போட்டியொன்றின் நடுவர்களுக்கு ஒரே போத்தலிலிருந்து மூன்று தடவை ஊற்றிக் கொடுத்ததில், மூன்றுக்கும் ஒரே பதக்க வரம்புக்குள் புள்ளி இட்டவர்கள் பத்தில் ஒருவரளவே.

அப்படியானால் ருசி பார்ப்பதே பித்தலாட்டமா? இந்த ஆய்வுகளைக் காட்டிப் பலர் அந்த முடிவுக்குத் தாவுகிறார்கள். அது தவறு. இரண்டு கோப்பைகள் வேறானவை என்று கண்டுபிடிப்பது ஒரு திறமை. அவற்றுக்கு 87, 91 என்று புள்ளி போடுவது வேறொரு வேலை. ஹொட்சன் உடைத்தது பின்னதையே. முன்னதைச் சோதிக்கும் வழியைத் தந்ததும் ஒரு கோப்பைத் தேநீர்தான். 1920களில் இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டட் ஆய்வு நிலையத்தில், பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைக் குடித்தே சொல்ல முடியும் என்றார் மியூரியல் பிரிஸ்டல் என்ற பாசியியலாளர். உடன் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் எட்டுக் கோப்பைப் பரீட்சை ஒன்றை வகுத்தார்: நான்கு ஒரு வகை, நான்கு மற்ற வகை, வரிசை கலைத்து வைக்கப்படும். குருட்டுவாக்கில் எட்டையும் சரியாகப் பிரிக்க 70இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. 1935இல் அவர் எழுதிய நூலில் இடம்பெற்ற இந்தப் பரீட்சை, இன்றைய புள்ளிவிபரவியலின் அடித்தளங்களில் ஒன்று.

பால், சீனி போட்டுக் குடிக்கிற சனத்துக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் வரும். பாலின் கேசின் புரதம் பொலிபீனோல்களைப் பிடித்துத் துவர்ப்பை அடக்கிவிடுவது உண்மை. ஆகவே பரீட்சைக்கு மட்டும் பிளேன்டி, அதுவும் சீனி இல்லாமல். அன்றாடம் எப்படிக் குடிப்பது என்பது அவரவர் விருப்பம். விருந்தில் அடுப்புப் புகை எட்டாத இடமாகப் பார்த்து, மிளகாய் நாக்கில் படுவதற்கு முன் ருசிக்க வேண்டும். ஒரே பருமன் துகளையே ஒப்பிட வேண்டும். சிறு துகள் விரைவாகச் சாயம் விடும். இரண்டையும் ஒரே இடத்தில் ஊற வைப்பதும் முக்கியம்: 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ஊற்றியவர் பரிமாறக்கூடாது, அவர் முகமே விடையைச் சொல்லிவிடும்.

இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறுகிறது. 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் அதன் விலைக்கு அடிப்படையாக இருப்பது ருசி பார்ப்பவர்களின் நாக்கு. கொழுந்து பறிக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் ருசி பார்க்கும் அறை இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. ருசி பார்க்கும் திறமையோ பிறவி வரம் அல்ல, பயிற்சியால் வருவது. இறம்பொடை, லபுக்கலை, தலவாக்கலைப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: மேல்மலைத் தேயிலை ஒன்றையும் தாழ்நிலத் தேயிலை ஒன்றையும் வாங்கி, எட்டுக் கோப்பைகளின் அடியில் இலக்கம் எழுதி, பிள்ளைகளுக்கு ஃபிஷரின் பரீட்சையை ஒருமுறை வைத்துப் பாருங்கள்.