கிருமி தெரியவில்லை, மாத்திரை ஏன்?

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989 முதல் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. ஆகவே பிரிக்ஃபீல்ட்ஸோ கிள்ளானோ, அதற்கு முன் பிறந்தவர்களிடம்தான் இந்தக் கேள்வி அதிகம் எழும்: இரத்தத்தில் கிருமியே தென்படாதபோது தினமும் எதற்கு டெனோஃபோவிர் மாத்திரை? கிருமி போய்விடவில்லை, பதுங்கியிருக்கிறது. கல்லீரல் செல்லின் கருவுக்குள் அதன் டிஎன்ஏ வளையமாகக் கிடக்கிறது. மாத்திரை புதுப் பிரதிகளைத் தடுக்குமே தவிர அந்த மூலப்படியை அழிக்காது. நாமாக நிறுத்தினால் பிரதிகள் மறுபடி பெருகலாம். அவற்றைத் தாக்கக் கிளம்பும் நம் நோயெதிர்ப்புப் படையே கல்லீரலைப் புண்ணாக்கும், சிலருக்கு உயிராபத்து வரை. சிறுநீரகம் கெடுமே என்பார்கள். வீண் அச்சமல்ல, ஆனால் அதற்குத் தீர்வு சிறுநீரக நிலையறியும் கிரியேட்டினின் பரிசோதனையும், தேவையானால் மருத்துவர் அளவையோ மாத்திரையையோ மாற்றுவதும்தான். ஹெப்படைட்டிஸ் சி கதை வேறு. மலேசியா 2017இல் அரசு உரிமம் வழங்கி மலிவாக்கிய சோஃபோஸ்புவிர், துணை மருந்தோடு சேர்ந்து, பெரும்பாலோரிடம் சில மாதங்களில் அதை ஒழித்துவிடும். இரண்டும் உள்ளவருக்கோ, சி அடங்கியதும் பி தலைதூக்கக்கூடும். அதனால்தான் சி-க்கான முதல் மாத்திரைக்கு முன்பே பி பரிசோதனை.