சிறுமலைக்கு குரூப் சைக்கிள் ரைடு: எங்கே சேர்ந்து போகணும், எங்கே பிரியணும்?

திண்டுக்கல்லில் இருந்து சிறுமலை சுமார் 25 கி.மீ. வழியில் 18 கொண்டை ஊசி வளைவுகள். குழுவாகக் கிளம்பினால் கடைசி வரை சேர்ந்தே போக முடியுமா?

சமவெளியில் முடியும். முன்னால் போகிறவர் எதிர்க்காற்றை வாங்கிக்கொள்வதால், பின்னால் வருபவருக்கு மிதிப்பது ஈஸி. மாறி மாறி முன்னால் போனால் யாரும் சீக்கிரம் களைக்க மாட்டார்கள்.

மலையில் வேகம் குறைவதால் இந்த லாபமும் குறையும். உங்கள் எடையை நீங்கள்தான் மேலே ஏற்ற வேண்டும். அடுத்தவர் வேகத்தைத் துரத்தினால் பாதியிலேயே மூச்சு வாங்கும். அவரவர் வேகத்தில் ஏறுங்கள், மேலே காத்திருங்கள்.

இறக்கத்தில்தான் ஆபத்து அதிகம். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால், ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். நல்ல இடைவெளி விடுங்கள். எதிரே பஸ் வரலாம்.

அடிவாரம் வந்ததும் ஆட்களை எண்ணுங்க. கடைசி ஆள் வந்த பிறகுதான் டீ!