வயலில் நிற்கும் மரம் யாருக்குச் சொந்தம்?

தில்லியிலிருந்து ஹரித்துவாருக்குத் தை மாதத்தில் ரயிலேறிச் சென்ற நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். ஸஹாரன்பூர், ரூர்க்கி வட்டாரத்தில் இருமருங்கும் கோதுமைப் பயிர் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் கிடக்கும். அதன் நடுவே, நூல் பிடித்து நட்டாற்போல், வரிசை வரிசையாக இலையற்ற மரங்கள் நிற்கும். முதன்முறை பார்த்தபோது, "பாவம், இத்தனை மரங்களும் பட்டுப்போயினவே!" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எதிரே அமர்ந்திருந்த குடியானவர் நகைத்தார். "பட்டுப்போகவில்லை, பாபுஜி, உறங்குகின்றன. இவை விழித்துத் தழைப்பதற்குள் கோதுமை முற்றிவிடும்" என்றார்.

அம்மரத்தின் பெயர் பாப்ளர். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. குளிர்காலத்தில் இலையுதிர்ப்பதால் கோதுமைக்கு வேண்டிய வெயிலை மறைப்பதில்லை. நட்ட முதலிரண்டு ஆண்டுகளில் இடையே கரும்பும் பயிரிடலாம். ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். சென்னைவாசிகள் அறிந்த விம்கோ நகருக்குப் பெயர் தந்த அதே தீப்பெட்டிக் கம்பெனி, குச்சிக்கு மரம் வேண்டி, 1980-களில் வட இந்தியக் குடியானவர்களுக்குக் கன்று கொடுத்து, வங்கிக் கடனுக்கும் வழி செய்து, விளைந்த மரத்தைத் தானே வாங்கிக்கொள்வதாக உறுதியும் அளித்தது. இன்றோ ஹரியானாவின் யமுனாநகர் மண்டியில் டிராக்டர் வண்டிகளில் வந்திறங்கும் பாப்ளர் கட்டைகள், சுற்றளவு வாரியாகத் தரம் பிரிக்கப்பட்டு, குவிண்டால் கணக்கில் விலைபோய், பிளைவுட் ஆலைகளுக்குச் செல்கின்றன.

இதனால் குடியானவருக்கு விளையும் நன்மை பணம் மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை எண்ணிப் பாருங்கள். 1901 முதல் உள்ள பதிவுகளில் அதைவிட வெப்பமான மார்ச் இந்தியாவில் இருந்ததில்லை என்று அப்போது வானிலைத் துறை தெரிவித்தது. பால் பிடிக்கும் பருவத்தில் அனல் வீசியதால் கோதுமை மணிகள் சூம்பின. மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதிக்கே தடை வந்தது. ஒரு மாத வெப்பம் ஒரு போகத்தை அழிக்கக்கூடும். ஏழாண்டுகளாக வரப்பில் பருத்துவரும் மரத்தை அவ்வளவு எளிதில் அழித்துவிடாது. 2015-16-ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நிலவுடைமைகளில் நூற்றுக்கு எண்பத்தாறு, இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. அத்தகைய சிறு குடியானவருக்கு வரப்பு மரம், கெட்ட ஆண்டில் கைகொடுக்கும் சேமிப்பு. ராஜஸ்தானத்தில் கேஜ்டி மரத்தடியில் கம்பு விதைத்து, அதன் தழையை ஆட்டுக்கும் காயைத் தம் உணவுக்கும் பயன்படுத்திவரும் மக்கள் இதனை எந்தத் திட்டமும் வருமுன்பே அறிந்திருந்தார்கள்.

அப்படியாயின் எல்லா வரப்புகளிலும் மரம் நிற்க வேண்டுமே? நிற்கவில்லை. காரணம் மண்ணில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, மரக்கட்டை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. காட்டு மரம் களவுபோகாமல் காப்பதே நோக்கம், நோக்கத்தில் பிழையில்லை. ஆனால், வண்டியிலேற்றிய கட்டையைப் பார்த்து, இது காட்டில் திருடியதா, சொந்த வயலில் வெட்டியதா என்று எப்படி அறிவது? ஆகவே வயல் மரத்துக்கும் வெட்ட ஓர் அநுமதி, கொண்டுசெல்ல ஓர் அநுமதி என்று ஏற்பட்டது. அந்த இரண்டாவது அநுமதிச் சீட்டைத் தமிழாக்க நேர்ந்தபோதெல்லாம் என் பேனாவில் முதலில் வந்து நிற்பது 'கடவுச்சீட்டு' என்ற சொல்தான். அயல்நாடு செல்லும் மனிதருக்கு வேண்டியது, அடுத்த மாவட்டம் செல்லும் கட்டைக்கும் வேண்டியிருக்கிறது! பாப்ளருக்கும் யூகலிப்டஸுக்கும் வட மாநிலங்களில் விலக்குக் கிடைத்தது. நாட்டு மரங்கள் பலவற்றுக்குப் பல மாநிலங்களில் கிடைக்கவில்லை. இலையற்ற அந்த வரிசைகள் அங்கே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தனத்தின் கதை இன்னும் தெளிவானது. 1792-இல் திப்பு சுல்தான் அதனை அரச மரமாக அறிவித்தார். அதன் பின் மைசூர்ச் சீமையில், யார் நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசாங்கத்துக்கே உரியதாயிற்று. மரம் களவுபோனால் நிலக்காரர் பதில் சொல்ல வேண்டும். அவர் கூலியில்லாக் காவற்காரர் ஆனார். தானே முளைத்த கன்றைச் சத்தமில்லாமல் பிடுங்கி எறிந்தவர்களை எப்படிக் குறைகூறுவது? கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, வளர்த்தவருக்கே மரம் சொந்தம் என்று ஆக்கின. இன்று நிலம் வைத்திருப்போர் பலர் சந்தனத்தை விரும்பி நடுகிறார்கள்.

2014 பிப்ரவரியில், தில்லியில் நடந்த உலக மாநாட்டின்போது, மத்திய அரசாங்கம் தேசிய வேளாண் காடுவளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. இதற்கெனத் தனியொரு தேசியக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியா. ('வேளாண் காடு' என்னும் சொல்லில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. 'காடு' என்று காதில் விழுந்தாலே, வனத்துறையார் வந்துவிடுவார்களோ என்று குடியானவர் அஞ்சுகிறார். மரப்பயிர் என்றால் போதாதோ?) 2016-17-இல் தொடங்கிய துணைத் திட்டம், 'வரப்புதோறும் மரம்' என்ற முழக்கத்துடன், நடவுச் செலவில் பாதியை நான்கு ஆண்டுகளில் தவணையாக அளித்தது. அதில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது: குறிப்பிட்ட சில மரங்களுக்கேனும் கட்டையைக் கொண்டுசெல்லும் விதிகளைத் தளர்த்திய மாநிலங்களுக்கே பணம். 2017-இன் இறுதியில், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில், சட்டத்தின் பார்வையில் 'மரம்' அல்ல என்றாயிற்று. புல்லினத்தைச் சேர்ந்த மூங்கில் மரமல்லவென்று ஒப்புக்கொள்ளத் தொண்ணூறு ஆண்டுகள்! 2023 டிசம்பரில், கட்டைக்குரிய சீட்டை நாடெங்கும் செல்லும்படி கணினி வழியே வழங்கும் ஏற்பாடு வந்தது. 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்கு அனுப்பியது. மாதிரி என்பதால் ஏற்பதும் விடுப்பதும் மாநிலங்களின் கையில்.

இவ்வளவும் செய்த பின்னும் இரண்டு குறைகள் என் மனத்தை உறுத்துகின்றன. ஒன்று விலை. 2000-களின் தொடக்கத்தில் பாப்ளர் விலை வீழ்ந்தபோது, விளையுமுன்பே மரங்களை வெட்டிவிட்டு வெறும் கோதுமைக்குத் திரும்பியவர்கள் அநேகர். நெல்லுக்கும் கோதுமைக்கும் ஆதரவு விலை உண்டு, கட்டைக்கு இல்லை. பத்து ஏக்கர்க்காரர் விலை தேறும்வரை காத்திருப்பார். ஒன்றரை ஏக்கர்க்காரருக்கு அந்த வசதி ஏது? மற்றொன்று இதனினும் பெரிது. வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர் மரம் நட்டால், நிலத்தில் உரிமை கொண்டாடப் பார்க்கிறார் என்று நிலக்காரர் ஐயுறுவார். எனவே அவர் நடுவதில்லை. நட்டால் நிலமே கைவிட்டுப் போகும். உதவித்தொகையோ பட்டா வைத்திருப்பவரைத் தேடித்தான் செல்கிறது.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவரில், ஊரில் ஓரிரு ஏக்கர் வைத்திருப்போர் பலர். விடுமுறையில் சென்று தேக்கோ மகோகனியோ நட்டுவிட்டுத் திரும்புவோரும் உண்டு. அத்தகைய நேயர்கள், கன்று நட்ட கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, எந்தச் சர்வே எண்ணில் எத்தனை மரம் என்பதை அடங்கலில் பதிவு செய்துகொள்வது நலம். வெட்டும் நாளில், மரம் தம் நிலத்தில் வளர்ந்ததே என்று காட்ட அது உதவும். எந்த மரத்துக்கு எந்த அநுமதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், வாங்கப்போகும் மரம் இன்னதென்று முடிவு செய்யுமுன்பே வனச்சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளவும். நிலத்தை வாரத்துக்கு விட்டிருப்பின், மரத்தில் உழுபவருக்கு எத்தனை பங்கு என்பதையும் அன்றே எழுதிவைத்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள்; ஆண்டு முழுதும் அம்மரத்துக்குத் தண்ணீர் விடப்போகிறவர் அவர்தான்.