'கய்' வந்த வழி

ஆங்கிலப் பேச்சில் ஆடவனைக் குறிக்கும் 'கய்' என்னும் சொல்லை மாணவன் ஒருவன் கட்டுரையில் எழுதியிருந்தான். கொச்சை என்று அடித்துவிட்டேன். காரணம் கேட்டான், விடை கூற அறியேன். பின்னரே கற்றேன்.

1605-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், இங்கிலாந்து அரசரையும் பாராளுமன்றத்தையும் வெடிமருந்தால் தகர்க்க முயன்ற சதியில் கய் ஃபாக்ஸ் என்பவன் பிடிபட்டான். பிற்காலத்தில் ஆண்டுதோறும் அந்நாளில் கந்தல் உடுத்திய அவனது உருவப் பொம்மையைக் கொளுத்தினர். பொம்மைக்கும் 'கய்' என்றே பெயர். 19-ஆம் நூற்றாண்டில் அலங்கோலமாய் உடுத்தவனை அச்சொல் சுட்டிற்று. அமெரிக்காவில் இழிவு நீங்கி எந்த ஆடவனுக்கும் உரியதாயிற்று. இன்றோ பன்மையில் மகளிரையும் விளிக்கிறது.

சொல்லின் தகுதி அதன் பிறப்பில் இல்லை. வழங்கும் இடத்தில் உள்ளது. நண்பனிடம் தகும், விண்ணப்பத்தில் தகாது. அன்று அம்மாணவனுக்கு நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுவே.