எதிர்ப்புறம் வளையும் முழங்கால்

முழங்கால் பின்புறமாக மடங்குவதே இயற்கை. மிக அரிதாக, ஏறத்தாழ 1,00,000 குழந்தைகளில் ஒன்றுக்கு, பிறக்கும்போதே அது எதிர்ப்புறமாக வளைந்து, பாதம் முகத்தை நோக்கி நிற்பதுண்டு. இதனைக் கண்டு தாயும் பாட்டியும் திகைப்பது இயல்பே. ஆனால் இது கிரகணத்தால் வந்ததன்று. தாய் கர்ப்பிணியாக இருந்தபோது பால் மரம் சீவியதால் வந்ததுமன்று. கருப்பையில் தலை மேலாகவும் கால்கள் நீட்டியபடியும் இருந்த குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தொடையின் முன்புறத் தசை குறுகிவிடுவதால் கால் மடங்க மறுக்கிறது. கடுமையான நிலையில், கீழ்க்கால் எலும்பு தொடை எலும்புக்கு முன்னே நழுவியிருக்கும்.

குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவிக் கைகால்களை இழுத்து உருவிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. எண்ணெய் தடவுவதில் குற்றமில்லை. ஆனால், இத்தகைய காலை எவரும் வீட்டில் அழுத்தி மடக்கலாகாது. சீவும் கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளர்வதைத் தோட்டத்தார் அறிவர். குழந்தையின் எலும்பு முனையிலுள்ள வளரும் பகுதியும் அத்தகையதே. வலிந்து மடக்கினால் அது பிளவுபடலாம், எலும்பும் முறியலாம்.

பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். மருத்துவர் காலை மெல்ல நீவி, மடங்கும் அளவுக்கு மட்டும் மடக்கி, மாவுக்கட்டுப் போடுவார். பெரும்பாலும் வாரந்தோறும் கட்டை மாற்றி, ஒவ்வொரு முறையும் சிறிது கூடுதலாக மடக்குவார். இலேசான வளைவுக்குச் சில வாரங்களே போதும். இடுப்பு மூட்டு விலகலும் பாதக் கோணலும் இதனுடன் சேர்ந்து வரக்கூடுமாதலால், அவற்றையும் பரிசோதிப்பது இன்றியமையாதது.

இரண்டு கட்டுக்குப்பின் கால் நேராகத் தெரிகிறதென்று சிகிச்சையை நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், கால் நேராவது மட்டும் போதாது. நன்கு மடங்கவும் வேண்டும். மடங்காத காலோடு வளரும் பிள்ளை குந்தி உட்காரவோ, படியேறவோ அல்லற்படும். கட்டுகளால் பயன் கிட்டாத குழந்தைக்கு, நடை பழகுமுன் அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

மாவுக்கட்டில் நீர் படக்கூடாது. கால்விரல்களை அடிக்கடி பாருங்கள். அவை வீங்கினாலோ, நீலம் பாய்ந்தாலோ, வெளுத்துக் குளிர்ந்தாலோ, குழந்தை ஓயாது அழுதாலோ, அடுத்த தவணைவரை காத்திராமல், இரவாயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.