ஆண்டு முழுவதும் ஓடியவரா, இறுதி நாளில் வென்றவரா?

விளையாட்டு எதுவாயினும் அதற்கு விதி உண்டு. விதி இல்லாவிடில் அது விளையாட்டன்று, வெறும் ஆரவாரம். ஆனால், அவ்விதியையே அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தால், பார்க்க வந்தவன் எதை நம்பி ஒருவருக்குக் கைதட்டுவான்? அமெரிக்க நாட்டிலே ஸ்டொக் கார் ஓட்டப் பந்தயத்தைக் கண்டு களிக்கும் மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்த கேள்வி இதுவே. 2026ஆம் ஆண்டுப் பந்தயப் பருவம் தொடங்குமுன் அவர்களுக்கு ஒரு விடை கிடைத்தது. அவ்விடையின் வரலாறு, மோட்டார் வாகனத்தில் நாட்டமில்லாதவரும் அறியத்தக்கது என்பது நம் எண்ணம்.

'ஸ்டொக் கார்' என்பது கடையில் விற்பனைக்கு வரும் சாதாரணக் காரைக் குறிக்கும் சொல். பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்த வண்டியன்றி, ஊரவர் தெருவில் ஓட்டும் அதே வகைக் காரே பந்தயத் திடலிலும் ஓடவேண்டும் என்பது தொடக்கக் கொள்கை. இன்றோ வெளித்தோற்றத்தில் மட்டுமே அவ்வொற்றுமை எஞ்சியுள்ளது. அந்நாளில் தென் மாநிலங்களில் கள்ளச் சாராயம் கடத்தியோர், துரத்திவரும் அதிகாரிகளிடமிருந்து தப்புவதற்காகத் தம் கார்களைத் திருத்தி வேகங்கூட்டினர். அவர்களிற் பலர் பந்தயத்திலும் இறங்கினர். ஒழுங்கின்றிச் சிதறிக்கிடந்த இப்போட்டிகளை ஒரு கட்டுக்குள் கொண்டுவர, 1947 டிசெம்பரில் புளோரிடா மாநிலத்து டேற்றோனாக் கடற்கரை நகரில் பில் பிரான்ஸ் என்பவர் ஒரு கூட்டம் கூட்டினார். அதன் பயனாக 1948இல் நாஸ்கார் என்னும் சங்கம் பதிவாயிற்று.

சங்கத்தின் தலையாய போட்டித் தொடரின் முதற் பந்தயம் 1949 ஜூன் 19ஆந் திகதி சார்லட் நகரில் நடைபெற்றது. கிளென் டனவே என்பவர் யாவருக்கும் முன்னால் எல்லைக் கோட்டைக் கடந்தார். ஆனால், பந்தயம் முடிந்தபின் அவர் காரைச் சோதித்தபோது, பின்சில்லுகளுக்கு மேலுள்ள வில்லுகள் விதிக்கு மாறாகத் திருத்தப்பட்டிருந்தமை வெளியாயிற்று. வெற்றி அவரிடமிருந்து பறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்கு வழங்கப்பட்டது. கார்ச் சொந்தக்காரர் நீதிமன்றம் சென்றார். தீர்ப்புச் சங்கத்தின் பக்கமே சாய்ந்தது. ஆக, முதல் நாளிலேயே வேகத்தோடு விதியும் உடன் ஓடியது.

ஒரு பந்தயத்தில் வென்றவர் யார் என்று கூறுதல் எளிது. ஓர் ஆண்டின் முதல்வர் யார் என்று கூறுவதே கடினம். 1975 தொடக்கம் 2003 வரை இருந்த முறை நேரானது. ஒவ்வொரு பந்தயத்திலும் பெற்ற இடத்துக்கு ஏற்பப் புள்ளிகள் வழங்கி, ஆண்டிறுதியில் கூட்டிப் பார்த்து, மிகுதியாகப் பெற்றவரை முதல்வராக்கினர். ஆனால், முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு ஐந்து புள்ளிகளே. எனவே வெற்றியைவிடத் தவறாமையே பெரிதாயிற்று. 2003ஆம் ஆண்டில் மாட் கென்செத் 36 பந்தயங்களில் ஒன்றிலே மட்டும் வென்று ஆண்டு முதல்வரானார். அதே ஆண்டில் எட்டுப் பந்தயங்களில் வென்ற றயன் நியூமன் ஆறாம் இடத்திலேயே நின்றார்.

எட்டு முறை வென்றவர் ஆறாமவரா என்று பலர் முணுமுணுத்தனர். மேலும், இலையுதிர் காலம் வந்ததும் அமெரிக்கரின் கண்கள் தொலைக்காட்சியில் காற்பந்தாட்டத்தின் பக்கம் திரும்பிவிடும். முன்னணியில் உள்ளவர் எட்டாத் தொலைவுக்குச் சென்றுவிட்டால், கார்ப் பந்தயத்தின் கடைசி வாரங்களைக் காண்போர் யார்? இவ்விரண்டு குறைகளையும் தீர்க்க எண்ணிய சங்கம், 2004இல் கடைசிப் பத்துப் பந்தயங்களைத் தனியே பிரித்து, முன்னணி வீரர் பதின்மருக்கு மட்டும் புள்ளிகளைப் புதிதாக அமைத்துப் போட்டியிட வைத்தது. 2014இல் அதனினும் ஒரு படி மேலே சென்றது. பதினாறு வீரர், மூன்று பந்தயங்களுக்கு ஒருமுறை நால்வர் நீக்கம், இறுதியில் எஞ்சும் நால்வருள், கடைசிப் பந்தயத்தில் முந்தி வருபவரே ஆண்டின் முதல்வர்.

வெற்றிக்கு மதிப்பளிக்கவென்றே இம்முறையை வகுத்தனர். ஆனால் விளைந்தது யாது? அந்த முதலாண்டிலேயே ஒரு வெற்றிகூடப் பெறாத ஒருவர் இறுதி நால்வருள் ஒருவராய் நின்றார். கடைசிப் பந்தயத்தில் கெவின் ஹார்விக் முதலாவதாகவும் அவர் இரண்டாவதாகவும் வந்தமையால், ஓர் இடத்தில் ஆண்டுப் பட்டத்தை இழந்தார். அவர் வேறு யாருமல்லர். 2003இல் எட்டு முறை வென்றும் ஆறாமவராகிய அதே றயன் நியூமனே! நிறைய வென்றபோது எட்டாத பட்டம், ஒன்றும் வெல்லாதபோது கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. விதி ஒரு மனிதரை இதனினும் விசித்திரமாக ஆட்டிவைத்தல் அரிது.

இறுதியாக 2025 நவம்பர் 2ஆந் திகதி பீனிக்ஸ் நகரப் பந்தயம் வந்தது. இருபது ஆண்டுகளாக இத்தொடரில் முழு நேரமும் ஓடி, அறுபது வெற்றிகள் பெற்றும், ஆண்டுப் பட்டத்தை ஒருமுறையேனும் காணாத டென்னி ஹம்லின் அன்று 208 சுற்றுகளில் முன்னணி வகித்தார். மூன்று சுற்றுகளே எஞ்சியிருந்தன. அவ்வேளை வேறொருவரின் காரில் ரயர் பழுதாகி, மஞ்சட் கொடி உயர்ந்தது. யாவரும் ரயர் மாற்றச் சென்றனர். ஹம்லின் நான்கு ரயர்களையும் மாற்றினார். கைல் லார்சன் இரண்டை மட்டும் மாற்றி முன்னே வந்தார். மீண்டும் தொடங்கிய சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. அன்று ஒரு சுற்றிலேனும் முன்னணியில் நில்லாத லார்சன் ஆண்டின் முதல்வரானார். அவர் செய்தது பிழையன்று, விதிப்படியே வென்றார். விதிதான் கேள்விக்கு உள்ளாயிற்று.

2026 ஜனவரி 12ஆந் திகதி சங்கம் தன் முடிவை அறிவித்தது. நீக்கல் முறை ஒழிந்தது. ஒரேயொரு வெற்றியால் இறுதிக் கட்டத்தில் நுழையும் வாயிலும் அடைக்கப்பட்டது. முதல் 26 பந்தயங்களில் புள்ளிகளால் முன்னிற்கும் பதினாறு பேர், கடைசிப் பத்துப் பந்தயங்களிலும் ஒருவரும் நீக்கப்படாமல் ஓடுவர். முடிவிலே மிகுந்த புள்ளி பெற்றவர் முதல்வர். முன்னர் 40 புள்ளி பெற்ற வெற்றிக்கு இனி 55 புள்ளி. இரண்டாமிடத்துக்கு முன்போல 35. எனவே வெல்வதற்கும் மதிப்புண்டு. தவறாது ஓடுவதற்கும் மதிப்புண்டு.

இதனைக் கேட்ட இரசிகர் யாவரும் ஒரே குரலில் பேசினர் அல்லர். பெரும்பாலோர் பெருமூச்சுவிட்டு வரவேற்றனர். தந்தையின் தோளிலிருந்து பந்தயம் பார்த்து, அவர் போற்றிய வீரரின் இலக்கத்தையே தாமும் தொப்பியில் அணியும் பழைய இரசிகர் சிலர், 36 பந்தயங்களையும் ஒன்றாகக் கூட்டும் முறையே வேண்டும் என்றனர். முன்னாள் வீரர் மார்க் மார்ட்டினும் அக்கருத்தை வெளிப்படையாகவே கூறிவந்தவர். கடைசி நாளின் படபடப்பிலேயே வளர்ந்த இளைஞர் சிலருக்கோ, இனி அந்தப் படபடப்பு இராதே என்ற குறை.

மாற்றம் என்றாலே இரசிகர் வெறுப்பர் என்று எண்ணுதல் தவறு. 2001 பெப்ரவரி 18ஆந் திகதி டேற்றோனாவில் கடைசிச் சுற்றில் டேல் ஏர்ன்ஹார்ட் மதிலில் மோதி உயிர்நீத்தார். அவ்வாண்டு ஒக்ரோபரில், தலையையும் கழுத்தையும் தாங்கும் காப்புக் கருவி கட்டாயமாயிற்று. அதன்பின் அத்தலைமைத் தொடரின் பந்தயங்களில் எந்த வீரரும் மாண்டதில்லை. உயிரைக் காக்கும் விதியின் நன்மையைக் காலம் காட்டிவிடும். மக்களின் மனக்குறை, உழைப்பின் பயனை ஒரு கணத்து நேர்ச்சியிடம் ஒப்படைக்கும் விதியைப் பற்றியதே.

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றவில்லை. ஆண்டு முழுவதும் கருத்தோடு படித்த மாணவன் பரீட்சை நாளிற் காய்ச்சலோடு வந்து தோற்பதையும், கடைசி வாரத்தில் மட்டும் விழித்திருந்தவன் தேறுவதையும் நாம் கண்டிருக்கிறோம். ஒரு நாளிலே திறமை காட்டுவதும் ஓர் ஆற்றலே, அதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்த ஒரு நாளே அனைத்தையும் தீர்மானிக்குமாயின், ஏனைய நாட்களின் உழைப்புக்குப் பொருள் என்ன? இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கும் விதியே நல்ல விதி. அத்தராசைத் தேடிக் கார்ப் பந்தயக்காரர் இருபத்திரண்டு ஆண்டுகள் சுற்றி வந்திருக்கின்றனர். பள்ளிக்கூடத்தில் உள்ள நாமும் அத்தராசை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம்.